ஊசி குத்திய மூடி

என் அக்காவை ஆய்வுக்கூடத்தில் எல்லோரும் கருமி என்றுதான் கூப்பிட்டார்கள். நேரில் கருமி அக்கா, முதுகுக்குப் பின்னால் வெறும் கருமி. அவள் அதற்குக் கோபப்பட்டதே இல்லை. கை துடைக்கும் காகிதத்தை இரண்டாகக் கிழித்து, ஒரு பாதியை நாளைக்கு என்று மடித்து வைக்கிறவளை வேறு எப்படிக் கூப்பிடுவார்கள்? வீட்டிலும் இதே கூத்துதான். பற்பசை தீர்ந்த பிறகு குழாயைக் கத்திரியால் வெட்டி உள்ளே வழித்து எடுப்பாள். கடைப் பைகளைக் கழுவிக் கொடியில் காயப்போடுவாள். எங்கள் கொடியில் துணியைவிடப் பைகள்தான் அதிகம் ஆடும். நான் குழாய் வேலை பார்க்கிறவன். அடுத்தவர் வீட்டில் சொட்டுவதை நிறுத்துவது என் பிழைப்பு. நான் கழற்றி எறிகிற தேய்ந்த ரப்பர் வளையங்களைக்கூட விடாமல், எதற்காவது ஆகும் என்று ஒரு டப்பாவில் போட்டு வைப்பாள்.

அவள் கதையைச் சொல்ல ஆரம்பித்தால் எனக்குக் கோபம் தலைக்கேறும், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். ஊரை ஏமாற்றுகிறவன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடக்கிறான். ஒரு தப்பும் செய்யாத என் அக்கா, தான் கண்ணால் கண்டது நிஜமா, இல்லை ஆசை காட்டிய பொய்யா என்று தெரியாமல் பாதி ஆயுளைக் கழித்தாள். அந்த ஒரு கேள்விதான் அவள் வாழ்க்கை. மற்றதெல்லாம் சோறு, தூக்கம், வேலைக்குப் போய் வருவது.

அவள் ஆராய்ச்சி செய்தது நைட்ரைல்களைப் பற்றி. ஒரு கரியணுவும் ஒரு நைட்ரஜன் அணுவும் மூன்று கைகளால் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருக்கும் சின்ன ஜோடி அது. அந்த ஜோடியை ஒரு மூலக்கூறில் சரியான இடத்தில் ஒட்டிவிட்டால், அங்கிருந்து மருந்து, சாயம் என்று எத்தனையோ வழிகள் திறக்கும். ஒட்டுவதுதான் பெரும்பாடு. அக்காவின் கூடத்தில் கண்டுபிடிக்கப் பார்த்த வழி இப்படி: மூலக்கூறிலிருந்து ஒரு ஹைட்ரஜனை மட்டும் பிய்த்து எடுத்தால், துணையில்லாத ஒற்றை எலக்ட்ரானோடு மீதித் துண்டு நிற்கும். அதற்கு ரேடிக்கல் என்று பெயர். பஸ்ஸில் உட்கார இடம் தேடி அலைகிற ஆள் மாதிரி, எது கிடைத்தாலும் போய் ஒட்டிக்கொள்ளும் என்று அக்கா சொல்வாள். பக்கத்திலேயே ஒரு செம்பு உப்பு சயனைடைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கும். ரேடிக்கல் வந்ததும் அதைக் கொடுத்துவிட்டு, அடுத்த சுற்றுக்குத் தயாராகும். தான் தீர்ந்துபோகாமல் வேலையை மட்டும் நடத்தி வைக்கிற அந்தச் செம்புதான் வினையூக்கி.

இதற்கெல்லாம் எதிரி காற்று. காற்றில் உள்ள ஆக்ஸிஜன் செம்பை முந்திக்கொண்டு ரேடிக்கலைப் பிடித்துக் கெடுத்துவிடும். அதனால் குடுவையின் வாயை ரப்பர் மூடியால் அடைத்து, உள்ளே இருக்கும் காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு, எதோடும் சேராத ஆர்கான் வாயுவை நிரப்புவார்கள். மருந்துகளை ஊசியால் அந்த மூடியைக் குத்தித்தான் உள்ளே விடுவார்கள். ஒரு முறை குத்திய மூடியை மற்றவர்கள் குப்பையில் போடுவார்கள். அக்கா போடுவாளா? கழுவி, துடைத்து, இழுப்பறையில் வைத்து, சல்லடையாகும் வரை மறுபடி மறுபடி மாட்டுவாள்.

சயனைடு என்ற சொல்லைக் கேட்டதிலிருந்து அம்மாவுக்கு ஒரே பயம். அன்றிலிருந்து அக்காவுக்குத் தனித் துண்டு, தனித் தட்டு. வீட்டுக்கு வந்தால் குளிக்காமல் சமையலறைப் பக்கம் தலை வைக்கக் கூடாது. அக்காவும் மறு பேச்சுப் பேசாமல் நேரே குளியலறைக்குப் போவாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் கேட்டால், பெண் மருந்து ஆராய்ச்சி செய்கிறாள் என்று மட்டும் அம்மா சொல்வாள். சொல்லும்போது முகத்தில் அப்படி ஒரு பெருமை இருக்கும்.

ஒரு நாள் அக்கா பெட்டி நிறைய இனிப்பு வாங்கிக்கொண்டு வந்தாள். காசு கொடுத்து வாங்கியதுதானா என்று நான் கேட்டேன். அவள் சிரித்துக்கொண்டே பெட்டியைத் திறந்து என் வாயில் ஒன்றைத் திணித்தாள். குடுவையில் போட்டதில் பெரும்பகுதி நைட்ரைலாக மாறிவிட்டதாம். வெள்ளைப் படிகம், வேறு கலப்பே இல்லை. மறுபடி செய்தாள், மறுபடியும் வந்தது. அவளுடைய கைடு, அதாவது ஆராய்ச்சிக்கு வழிகாட்டிய பேராசிரியர், முதல் முறையாக அவள் மேஜைக்கு நடந்து வந்து கை குலுக்கினார். கட்டுரை எழுதினார்கள், அச்சிலும் வந்தது. அதன் ஒரு பிரதியை அம்மா தன் பட்டுப்புடவைகளுக்கு நடுவில் வைத்துக்கொண்டாள். படிக்கத் தெரியாத மொழி, ஆனால் மகளின் பெயர் எங்கே இருக்கிறது என்று தெரியும்.

பிறகு தொடங்கியது சனியன். வேறு இடங்களில் அதைச் செய்து பார்த்தவர்கள், எங்களுக்கு வரவில்லையே என்று எழுதினார்கள். ஒருவர் எழுதினால் அவர் கை சரியில்லை எனலாம். வரிசையாக எழுதினார்கள். சரி, நாமே மறுபடி செய்து காட்டுவோம் என்று அக்கா முடிவு செய்தாள்.

அதற்குள் அவர்கள் கூடம் புதுக் கட்டடத்துக்கு மாறியிருந்தது. பளபளவென்ற மேஜைகள், புகையை இழுக்கும் புதுக் கண்ணாடிக் கூண்டுகள், ஒவ்வொருவருக்கும் பெட்டி பெட்டியாகப் புது மூடிகள். ஒரு வினைக்கு ஒரு மூடி என்று சட்டம் போட்டார்கள். அக்காவுக்கும் அந்தச் சுத்தம் பிடித்திருந்தது. இனிமேல் எல்லாம் முறைப்படி நடக்க வேண்டும் என்று தன் இழுப்பறையைக் குப்பைக்கூடையில் கவிழ்த்தாளாம். பிறந்ததிலிருந்து முதல் தடவையாக ஒரு பொருளை மனசார வீசினாள். வீசக் கூடாததைத்தான் வீசினாள் என்பது அப்போது யாருக்குத் தெரியும்.

புதுக் கூடத்தில் நைட்ரைல் வரவில்லை. போட்டது போட்டபடியே கிடந்தது. எங்கோ காற்று புகுகிறது என்று அவளுக்குச் சந்தேகம். மூடியின் மேல் மெழுகுத்தாளைச் சுற்றினாள். கம்பி போட்டுக் கட்டினாள். ஆர்கானையே இன்னொரு முறை சுத்தம் செய்து விட்டாள். ஒவ்வொரு தோல்விக்கும் ஒரு சுற்று இறுக்கினாள். எதற்கும் பார்க்கலாம் என்று ஒரு தடவை குடுவையைக் காற்றில் திறந்து வைத்தும் செய்தாள். பழுப்பாக ஒரு குழம்பு மிஞ்சியது, அதில் நைட்ரைல் கொஞ்சமும் இல்லை. ஆக, காற்றுதான் எதிரி என்பது உறுதி. மறுபடியும் இறுக்கினாள்.

அவள் தேய்ந்துபோனதை நாங்கள் கண்ணால் பார்த்தோம். சாப்பிட உட்கார்ந்தால் சோற்றைப் பிசைந்துகொண்டே இருப்பாள். கடைசியில் கைடிடம் போய்க் கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொள்ளலாம் என்று சொன்னாள். அவசரப்படாதே, கொஞ்ச காலம் பொறு, என்று அவர் தடுத்தார். அக்கா என்ன சொன்னாள் என்பதை அவளே வந்து என்னிடம் சொன்னாள்.

"சார், எனக்கே வரல. எனக்கே வராத ஒண்ணு என் பேர்ல நிக்கக் கூடாது."

நின்றிருக்கலாம். எத்தனை பேருடைய வராத சரக்கு அவரவர் பெயரில் ஜம்மென்று நிற்கிறது. ஆனால் என் அக்கா அப்படிப்பட்டவள் இல்லை. பத்திரிகைக்காரர்கள் கட்டுரையின் எல்லாப் பக்கத்திலும் குறுக்காகச் சிவப்பு எழுத்தில் திரும்பப் பெறப்பட்டது என்று அடித்தார்கள். நேர்மைக்காக ஒருவரும் அவளைப் பாராட்டவில்லை. கணக்கை ஜோடித்துவிட்டாள், மாட்டிக்கொண்டதும் பின்வாங்கிவிட்டாள் என்று நடைபாதையில் பேசிக்கொண்டார்கள். அவள் காதில் விழும்படியே பேசிக்கொண்டார்கள். கொஞ்ச நாளில் அவள் அங்கே போவதை நிறுத்திவிட்டாள்.

ஒரு மத்தியானம் நான் எங்கள் வீட்டுச் சமையலறைத் தொட்டிக்கு அடியில் மல்லாந்து படுத்துக் குழாய் மாற்றிக்கொண்டிருந்தேன். சமையலறைக்கு நேர் எதிரே, வாசற்படியில் உட்கார்ந்து அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள். அக்கா பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்தாள். அம்மா கையில் இருந்த துணியைப் பார்த்துக்கொண்டே மெதுவாகக் கேட்டாள்.

"ஏண்டி, நீ பொய் ஏதும் எழுதலையே?"

அக்கா இல்லை என்று சொல்வாள் என்று நான் காத்திருந்தேன். தொட்டிக்கு அடியில் இருந்து பார்த்தால் அவள் பாதங்கள் மட்டும்தான் தெரிந்தன. பெருவிரலால் தரையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"தெரியலம்மா," என்றாள்.

அவ்வளவுதான். அம்மா அதற்கப்புறம் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. பெண்ணுக்கு உடம்பு முடியவில்லை, அதனால் வேலையை விட்டுவிட்டாள் என்று பக்கத்து வீட்டில் சொன்னாள். பட்டுப்புடவைகளுக்கு நடுவில் இருந்த பிரதி என்ன ஆனது என்று நான் கேட்கவில்லை. அக்காவின் பதிலை அம்மா எப்படி எடுத்துக்கொண்டாள் என்பது அவள் முகத்திலேயே எழுதி ஒட்டியிருந்தது. தெரியவில்லை என்று ஒரு மகள் சொன்னால், எந்தத் தாய்தான் அதை வேறு விதமாக எடுத்துக்கொள்வாள்? ஆனால் அக்கா நிஜமாகவே தெரியாமல்தான் சொன்னாள். தன் கண்ணும் கையும் சேர்ந்து தன்னை ஏமாற்றியிருக்குமோ என்று அவள் பயந்தாள். அந்தப் பயத்தை அம்மாவுக்கு விளக்கிச் சொல்ல அவளுக்கு வார்த்தை வரவில்லை.

பிறகு தரை கழுவும் திரவம் தயாரிக்கிற ஒரு கம்பெனியில் சோதனைப் பிரிவில் சேர்ந்தாள். ஒவ்வொரு தொட்டியிலிருந்தும் கொஞ்சம் எடுத்து, காரம் சரியா, நுரை சரியா என்று பார்த்து, தேறியது, தேறவில்லை என்று சொல்லும் வேலை. உடம்பெல்லாம் எலுமிச்சை வாசனையோடு வருவாள். தான் அளந்ததை மறுபடி அளப்பாள். அதற்குப் பிறகும் பக்கத்தில் இருப்பவரைக் கூப்பிட்டு, நீங்களும் ஒரு தடவை பாருங்கள் என்பாள். வீட்டில் குழம்புக்கு உப்புப் போட்டுவிட்டு, போட்டேனா என்று என்னைக் கேட்பாள். நான் என்ன கண்டேன். அடுப்பை அணைத்துவிட்டு வாசல் வரை போய்த் திரும்பி வந்து பார்ப்பாள். கல்யாணப் பேச்சு ஒன்று நல்லபடியாக வந்தது. அந்த ஆளைப் பிடித்திருக்கிறதா என்று அம்மா கேட்டதற்கு, பிடித்த மாதிரிதான் இருக்கிறது, ஆனால் எனக்குத் தோன்றுவதை வைத்து முடிவு எடுக்காதீர்கள் என்றாள். பேச்சு அப்படியே ஆறிப்போனது. சிடுசிடுப்பும் சண்டையும் நிறைந்த ஆளாக மாறியிருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவள் பணிவாக, எல்லாவற்றுக்கும் அடுத்தவரைக் கேட்கிறவளாக மாறிவிட்டாள்.

அம்மா நெஞ்சுச்சளி முற்றிப் போய்ச் சேர்ந்தாள். கடைசி நாட்களில் மருத்துவமனையில் அக்காதான் கூடவே இருந்தாள். இருவரும் எதையெதையோ பேசியிருப்பார்கள், அதைப் பேசவில்லை.

இத்தனைக்கும் பிறகு, ஒரு விடுமுறை நாளில், ஒரு பெண் ஹெல்மெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு எங்கள் வாசலில் வந்து நின்றாள். அக்கா விட்டுவந்த அதே புதுக் கட்டடத்தில் ஆராய்ச்சி செய்கிறவளாம். உள்ளே வந்து உட்கார்ந்தவள், தண்ணீர்கூடக் குடிக்காமல் முதல் கேள்வியைக் கேட்டாள்.

"மேடம், நீங்க அப்போ எந்த மூடி போட்டீங்க?"

எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. அக்காவுக்குப் புரிந்திருக்க வேண்டும், முகம் வெளுத்துவிட்டது. புதுசு இல்லை என்று மட்டும் சொன்னாள்.

அந்தப் பெண் படபடவென்று சொல்லத் தொடங்கினாள். அவளும் செம்பை வைத்து இதே மாதிரி ஒரு வினையைத்தான் செய்துகொண்டிருந்தாளாம். ஒன்றும் வரவில்லையாம். ஒரு நாள் மூடியில் விரிசல் விட்டிருந்ததைக் கவனிக்காமல் விட்டுவிட்டாள். அன்றைக்கு மட்டும் நைட்ரைல் வந்தது. புது மூடி போட்டால் நின்றுவிட்டது. துருவிப் பார்த்ததில் விஷயம் விளங்கியிருக்கிறது. செம்பு ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாகச் சோர்ந்து, வேலைக்கு ஆகாத வடிவத்துக்குப் போய்விடுகிறது. அதைத் தட்டி எழுப்ப ஆக்ஸிஜன் வேண்டும். மிகமிகக் கொஞ்சம், அதுவும் மெதுவாகக் கசிந்து வர வேண்டும். ஒரேயடியாக வந்தால் ரேடிக்கலைத் தின்றுவிடும். அடியோடு இல்லாவிட்டால் செம்பு படுத்துவிடும். இதே வினையை முன்பு யாராவது செய்திருக்கிறார்களா என்று தேடியபோதுதான் குறுக்கே சிவப்பு அடித்த அக்காவின் கட்டுரை கிடைத்ததாம்.

கசிவை அடைப்பது என் தொழில். கசிய வேண்டிய இடம் என்று ஒன்று இருக்கும் என்பதை அன்றைக்குத்தான் கேள்விப்பட்டேன். அக்காவின் பழைய மூடியில் ஊசி குத்திய துளைகள் வழியாக, சரியாக அந்த அளவு காற்று போய்க்கொண்டிருந்திருக்கிறது. அவள் கருமித்தனம்தான் அந்த வெள்ளைப் படிகத்தைக் கொடுத்தது. முறைப்படி செய்யத் தொடங்கியதும் நின்றுபோனது. நிஜத்தைக் காட்ட வேண்டும் என்று இறுக்க இறுக்க, நிஜம் வெளியே போய்விட்டது. எனக்கு யாரையாவது பிடித்து உலுக்க வேண்டும் போல இருந்தது. யாரை உலுக்குவது?

அக்கா டீ போட்டுக் கொடுத்தாள். பிறகு கழுவிக் கவிழ்த்திருந்த பாத்திரங்களை எடுத்து மறுபடியும் கழுவினாள். அந்தப் பெண் கிளம்பும்போது, ஒரு தடவை நீங்களே வந்து உங்கள் கையால் செய்ய வேண்டும், செய்தால் கட்டுரையில் உங்கள் பெயரையும் சேர்க்கலாம் என்றாள். அக்கா என்னைப் பார்த்தாள், வழக்கம்போல. போய்விட்டு வா என்றேன். நீயும் வா என்றாள்.

ஓய்வு பெற்று மகனோடு வெளிநாட்டில் இருக்கிற கைடுக்குப் போன் செய்து விஷயத்தைச் சொன்னாள். நான் அப்போதே பொறு என்று சொன்னேனே என்றாராம். மகராசன். அவர் பொறுத்தார், இவள்தானே அடி வாங்கினாள்.

பஸ்ஸில் போகும்போது அக்கா ஜன்னல் பக்கம் உட்கார்ந்து மடியில் கைகளைக் கோத்து வைத்திருந்தாள். பாதி வழியில் வாயைத் திறந்தாள்.

"வரக் கூடாதுன்னு நினைச்சிட்டே இருக்கேன்டா."

"ஏன்க்கா?"

"வரலன்னா நான் அன்னைக்குக் கட்டுரையைத் திரும்ப வாங்கினது சரி. வந்துட்டா, இவ்ளோ வருஷமும் சும்மாவே போயிருக்கு."

அவள் கையைப் பிடித்துக்கொள்ளலாமா என்று நினைத்தேன். எங்கள் வீட்டில் அதெல்லாம் பழக்கமில்லை.

கூடத்தில் வெள்ளை அங்கி ஒன்று கொடுத்தார்கள். அது அவளுக்குப் பெரியதாக இருந்தது, கையை மடித்து விட்டுக்கொண்டாள். இரண்டு குடுவைகள் வைத்தார்கள். ஒன்றுக்குப் புது மூடி. இன்னொன்றுக்கும் புது மூடிதான், ஆனால் அதை அக்கா ஊசியால் குத்த ஆரம்பித்தாள். ஒரே இடத்தில் இல்லை, சுற்றிச் சுற்றி, மாவில் முள்கரண்டி குத்துவதுபோல. யாரையும் எதுவும் கேட்கவில்லை. போதுமா என்று என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. மருந்தை ஊசியில் இழுத்து, விளக்குக்கு எதிரே தூக்கிப் பார்த்து, குமிழியைத் தட்டி எடுத்து, மூடியைக் குத்தி உள்ளே விட்டாள். அந்தக் கொஞ்ச நேரம் என் பழைய அக்காவை நான் பார்த்தேன். பார்த்ததும் குழாய் பார்க்கிற மாதிரி வெளியே போய்விட்டேன்.

குடுவைகள் சுழன்றுகொண்டிருந்த நேரம் முழுவதும் கேன்டீனில் உட்கார்ந்திருந்தோம். காலிக் காகிதக் குவளையை அக்கா கசக்கி எறியாமல் பைக்குள் வைத்துக்கொண்டாள். பிறகு கூப்பிட்டார்கள். அந்தப் பெண் இரண்டு குடுவையிலிருந்தும் ஒவ்வொரு துளி எடுத்து இயந்திரத்தில் செலுத்தினாள். நைட்ரைல் இருந்தால் கோடு எழும்பும் என்றாள். திரையில் ஒரு கோடு படுத்தபடியே ஊர்ந்தது. புது மூடிக் குடுவை அது. எதுவும் எழும்பவில்லை. அடுத்த கோடு ஊர்ந்து வந்து, ஓர் இடத்தில் நிமிர்ந்து நேராக மேலே போய், இறங்கியது.

அந்தப் பெண்ணுக்குக் கண் கலங்கிவிட்டது. அக்கா திரைக்கு அருகே குனிந்து பார்த்தாள்.

"இருக்கு," என்றாள்.

அந்தப் பழைய சிவப்பு எழுத்தை அழிக்க வழியில்லையாம். எழுதிக் கேட்டால் கீழே ஒரு குறிப்புப் போடுவார்களாம். போடட்டும். புதுக் கட்டுரையில் முதல் பெயர் உங்களுடையதுதான் என்று அந்தப் பெண் பிடிவாதமாகச் சொன்னாள். நல்ல பெண். அக்கா அவள் தோளைத் தட்டிக் கொடுத்து, உன் பெயரை முன்னால் போடு, எனக்கு இனிமேல் பெயரை வைத்து ஆக வேண்டியது எதுவுமில்லை என்றாள். கோபமாகச் சொல்லவில்லை, வருத்தமாகத்தான் சொன்னாள்.

வீட்டுக்குள் நுழைந்ததும் நேரே குளியலறைக்குப் போனாள். சயனைடு இருக்கிற இடத்துக்குப் போய் வந்தால் குளிக்க வேண்டும். சொல்ல ஆள் இல்லாவிட்டாலும் சட்டம் சட்டம்தான். குளித்துவிட்டு, நைந்துபோன அந்தத் தனித் துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டே வந்து, அம்மா துணி மடிக்கிற வாசற்படியில் உட்கார்ந்தாள். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். தெருவைப் பார்த்தபடி இருந்தாள்.

"அம்மா கேட்டப்போ, இல்லம்மான்னு சொல்லியிருக்கலாம்டா," என்றாள். "நிஜமாவே நான் பொய் எழுதல. அதைத்தானே கேட்டா."